மினி டிராக்டர்: எதை இப்போதே வாங்குவது, எதைப் பிறகு பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஐந்தரை ஏக்கர் செம்மண் தோட்டம். மூன்றரை ஏக்கரில் 25 அடி இடைவெளியில் தென்னை. மீதி இரண்டு ஏக்கரில் மஞ்சளும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றி. 24 எச்.பி. மினி டிராக்டர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. டீலர் கொடுத்த கொட்டேஷனில் 4 வீல் டிரைவ், பவர் ஸ்டீயரிங், 4 அடி ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைப் பொடியாக்குவது), 5 கலப்பை (ஐந்து கொத்து வைத்தது), டிப்பர் டிரெய்லர், குழி தோண்டும் கருவி, மேல் ஹூட் (ஓட்டுபவர் தலைக்கு மேல் வரும் கூரை), முன் பம்பர் என்று எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கப் பணம் போதாது. எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே வண்டியில் இருக்க வேண்டியவை ஒரு பக்கம். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ சேர்த்துக்கொள்ளக்கூடியவை இன்னொரு பக்கம். 4 வீல் டிரைவ், கிளட்ச் வகை, பிரேக் வகை, பிடிஓ (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) வேகங்கள், சக்கர அகலத்தை எவ்வளவு வரை கூட்டலாம் என்பது இவையெல்லாம் முதல் பக்கம். பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. ரோட்டவேட்டர், டிரெய்லர், ஹூட், பம்பர், முன் எடைக்கட்டி எல்லாம் இரண்டாவது பக்கம். கையிலிருக்கும் பணம் முதல் பக்கத்துக்குப் போகட்டும். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. கண்ணுக்குத் தெரியும் கருவிகளை எல்லாம் வாங்கிவிட்டு, அந்தச் செலவை ஈடுகட்ட வண்டியில் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். பிறகு பத்து வருடம் அந்த வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

4 வீல் டிரைவிலிருந்து தொடங்குகிறேன். டிராக்டரின் இழுவை எச்.பி.யிலிருந்து மட்டும் வருவதில்லை. சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது, அந்தச் சக்கரம் மண்ணை எவ்வளவு பற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. 45 எச்.பி. வண்டி இரண்டு டன் எடை இருக்கும். மினி டிராக்டர் ஒரு டன்னுக்கு முன்னே பின்னே நிற்கும். இவ்வளவு லேசான வண்டி பின் சக்கரத்தில் மட்டும் இழுத்தால், தண்ணீர் பாய்ச்சி ஈரம் காயாத தோப்பில் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. முன் சக்கரமும் இழுத்தால் முழு எடையும் வேலைக்கு வருகிறது. அதனால் 30 எச்.பி.க்குக் கீழே வாங்குபவர்களுக்கு 4 வீல் டிரைவ்தான் நான் சொல்லும் முதல் செலவு. வெறும் மருந்தடிக்கவும் குப்பை இழுக்கவும் மட்டும் என்றால் 2 வீல் போதும். உங்களுக்கு உழவும் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

4 வீலில் இரண்டு விஷயங்களை டீலர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு அளவு. ஆனால் இரண்டும் தரையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உருள வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் உள்ளே பல் சக்கரங்களை வைத்திருக்கிறார்கள். பின் டயர் தேய்ந்ததும் ஒரு அளவு பெரியதாகப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். முன் ஆக்சில் தினமும் பின் சக்கரத்தோடு சண்டை போட்டுக்கொண்டே ஓடி, கடைசியில் பல் தேய்ந்து சத்தம் கொடுக்கும். டயர் மாற்றினால் அதே அளவு, இல்லையென்றால் கம்பெனி அனுமதித்த ஜோடி மட்டுமே. இன்னொன்று, தார் ரோட்டில் ஏறியதும் 4 வீல் லீவரை விடுவித்துவிட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், தாரில் அது நடக்காது. முன் டயர்தான் தேயும்.

அடுத்தது கிளட்ச். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் தினசரி வேலையில் அதிகம் உறுத்துவது இதுதான். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் வண்டியும் நிற்கும், பிடிஓவும் நிற்கும். ரோட்டவேட்டர் ஓட்டும்போது நடுவில் கியர் மாற்ற நிறுத்தினால் பிளேடும் நின்றுவிடும். மறுபடி கிளட்ச் விடும்போது மண்ணுக்குள் புதைந்த பிளேடைச் சுற்றவைக்கும் பாரமும் வண்டியை நகர்த்தும் பாரமும் ஒரே நேரத்தில் இன்ஜின் மேல் விழுகின்றன. டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். சில வண்டிகளில் பிடிஓவுக்கென்று தனி லீவரே உண்டு, அது இன்னும் நல்லது. மினி வகையில் பல மாடல்கள் சிங்கிள் கிளட்ச்தான். நீங்கள் பார்க்கும் மாடலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு மாடல்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் தவித்தால் இது ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

பிரேக் ஆயில் பிரேக்காக (எண்ணெய்க்குள் மூழ்கியே இருக்கும் வகை) இருக்கட்டும். சேற்றுக்கும் தூசிக்கும் டிரை டிஸ்க் சீக்கிரம் பிடிப்பை இழக்கும். பவர் ஸ்டீயரிங் உங்கள் கொட்டேஷனில் ஏற்கெனவே இருக்கிறது. 4 வீல் வண்டியில் முன் ஆக்சில் கனம், மரத்துக்கு மரம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் தோள் சொல்லிவிடும். எடுங்கள்.

இப்போது அகலம். டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வண்டியின் மொத்த அகலம் ஒரு கணக்கு, ஒரு பின் டயரின் நடுவிலிருந்து மறு பின் டயரின் நடு வரை உள்ள தூரம் இன்னொரு கணக்கு. தென்னைக்கு முதல் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. 25 அடி இடைவெளியில் இருபுறமும் ஆறு ஆறு அடி வட்டப்பாத்திக்கு விட்டாலும் நடுவில் 13 அடி கிடைக்கும், எந்த வண்டியும் போகும். ஆனால் மஞ்சள், மக்காச்சோளத்தில் பயிர் நிற்கும்போது உள்ளே இறங்க வேண்டும் என்றால் இரண்டாவது கணக்குதான் எல்லாம். மஞ்சள் பார் 45 செ.மீ. இடைவெளி என்றால், டயர் நடுக்கள் 90 செ.மீ. தள்ளி இருக்கும் வண்டி இரண்டு பாரை நடுவில் விட்டுக்கொண்டு சரியாக வாய்க்காலில் ஓடும். மக்காச்சோளம் 60 செ.மீ. வரிசை என்றால் 120 வேண்டும். பல மினி டிராக்டர்களில் ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டலாம், ஆனால் எல்லாம் 120 வரை போகாது. போகாவிட்டால் வண்டிக்கு ஏற்ப வரிசையை 45 ஆக்கி, செடிக்குச் செடி இடைவெளியைக் கூட்டுவது பற்றி யோசியுங்கள். இல்லையென்றால் மக்காச்சோளக் களைக்குப் பவர் வீடரோ ஆளோதான். இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நடவு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

பிடிஓவுக்கு வருவோம். கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. அந்த 540 இன்ஜினின் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். இன்ஜினை உச்சத்துக்கு முறுக்கினால்தான் 540 வரும் என்றால் மருந்தடிப்பது போன்ற லேசான வேலைக்கும் டீசல் வீணாகும், காதும் போகும். இரண்டு பிடிஓ வேகம் இருக்கும் வண்டியில் லேசான வேலைக்கு இன்ஜினைக் குறைத்து ஓட்டலாம். அப்புறம், விளம்பரத்தில் போடும் 24 எச்.பி. இன்ஜினுடையது. பிடிஓவில் கருவிக்குப் போய்ச் சேர்வது அதில் 85 முதல் 90 சதவீதம் வரை, அதாவது 21 எச்.பி. பக்கம்தான். கருவி வாங்கும்போது இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த எண்களை டீலர் வாயிலிருந்து மட்டும் வாங்க வேண்டாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் தென்மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட வண்டிகளின் அறிக்கையில் பிடிஓவில் கிடைத்த சக்தி, மணிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு எடை தூக்கியது, எவ்வளவு இழுத்தது எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பார்க்கும் மாடலின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் தூக்குதிறனை இரண்டு இடங்களில் அளந்திருப்பார்கள். கருவி மாட்டும் உருண்டையில் ஒன்று, அதிலிருந்து சுமார் இரண்டு அடி பின்னால் ஒன்று. விளம்பரத்தில் வருவது முதலாவது. நிஜத்தில் கருவியின் எடை பின்னால் தள்ளித்தான் நிற்கும், ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அதற்கு ஒரு உதாரணம் மருந்தடிக்கும் டேங்க். 400 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீரே 400 கிலோ. டேங்க், பம்ப், சட்டம் எல்லாம் சேர்ந்து இன்னொரு நூறு, நூற்றைம்பது கிலோ. 750 கிலோ தூக்கும் என்று எழுதிய வண்டி இதைத் தூக்கிவிடும், ஆனால் வரப்பு ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. 24 எச்.பி.க்கு 200 லிட்டர் டேங்க் போதும். அதற்கும் முன்னால் எடைக்கட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ரோட்டவேட்டர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மினி டிராக்டர் வாங்கும் எல்லோரும் யோசிக்காமலே கூடவே வாங்குவது இதைத்தான்.

கொட்டேஷனில் இருக்கும் 4 அடி உங்கள் வண்டிக்குப் பெரியது. செம்மண் ஈரப் பதத்தில் இருக்கும்போது இழுத்துவிடும். கொஞ்சம் காய்ந்தாலும் இன்ஜின் திணறும், ஓட்டுநர் ஆழத்தைக் குறைப்பார், கடைசியில் மேலாக மூன்று விரல் மண்ணைச் சொறிந்துகொண்டு போகும். மூன்றரை அடி எடுங்கள். டயரின் வெளி அகலத்துக்குக் குறையாமல் ரோட்டவேட்டர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கக் கணக்கு. குறைந்தால் டயர் அழுத்திய தடம் உழாமல் நிற்கும். உங்கள் வண்டி டயர் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு மூன்றரை அடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கூடினால், ஒரு பக்கமாக நகர்த்திப் பொருத்தும் வசதியுள்ள ரோட்டவேட்டரைக் கேளுங்கள். தோப்பில் மரத்தின் பக்கம் கருவி நீட்டிக்கொண்டிருக்க வண்டி தள்ளி ஓடும், ஓலை முகத்தில் அடிக்காது. கியர் பாக்ஸ் மல்டி ஸ்பீடாக இருந்தால் மண்ணுக்கு ஏற்ப பிளேடு வேகத்தை மாற்றலாம். பக்கவாட்டில் செயினைவிட கியர் டிரைவ் கல் மண்ணுக்குத் தாங்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, தென்னைக்கு ரோட்டவேட்டர் வேண்டுமா என்பது. தென்னையின் உணவு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறு, ஏழு அடிக்குள் மேல்மண்ணிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் பரவியிருக்கும். வட்டப்பாத்திக்குள் ரோட்டவேட்டரை விட்டால் அவற்றைத் துண்டு துண்டாக்குகிறோம். பாத்திக்கு வெளியேயும் ஒவ்வொரு மழைக்கும் ரோட்டவேட்டர் விட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு கெடுதல்கள் நடக்கும். ஒன்று, ஒரே ஆழத்தில் பிளேடு திரும்பத் திரும்ப அடித்து அதன் கீழே ஒரு கெட்டிப் படலம் உருவாகிவிடும். மேல் மண் மாவாக இருக்கும், மழைத் தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. இன்னொன்று களை. கோரையின் கிழங்கையும் அருகின் தண்டையும் பிளேடு நறுக்கித் தோப்பு முழுக்க விதைத்துவிடும். ரோட்டவேட்டர் ஓட்டிய ஒரு வாரம் நிலம் பளிச்சென்று தெரியும். ஒரு மாதம் கழித்து முன்பு திட்டுத் திட்டாக இருந்த கோரை பாய் விரித்ததுபோல் நிற்கும். கோரை உள்ள தோப்பில் ரோட்டவேட்டர் ஓட்டுவதை மனமார வேண்டாம் என்பேன்.

தென்னைக்கு நான் சொல்வது ஸ்லாஷர். புல்லைத் தரைக்கு மேலே வெட்டி அங்கேயே போட்டுவிடும். மண் மூடியிருக்கும், ஈரம் நிற்கும், வேர் அறுபடாது. 21 எச்.பி. பிடிஓவுக்கு 4 அடி ஸ்லாஷர் சாதாரணமாக ஓடும். சொட்டுநீர்க் குழாய் தரையில் கிடந்தால் அதைச் சுருட்டி மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை மண்ணைப் புரட்ட 5 கலப்பை போதும். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுவதாக இருந்தால் அப்போது ரோட்டவேட்டர் உண்மையிலேயே உதவும், மஞ்சளுக்கு முன் நிலத்தைப் பொடியாக்கவும் உதவும். இந்த இரண்டும் வருடத்தில் சில நாட்கள்தான். இரண்டு ஏக்கருக்கு வாடகைக்கு எடுத்தாலே முடிந்துவிடும். அதனால் முதல் வருடம் ரோட்டவேட்டரை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் ஸ்லாஷரும் பார் பிடிக்கும் கலப்பையும் வாங்குங்கள். தேவை நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வருடம் மூன்றரை அடி ரோட்டவேட்டரை வாங்கிக்கொள்ளலாம்.

5 கலப்பை உங்களுக்கு அவசியம், எடுங்கள். ஸ்பிரிங் வைத்ததா, வைக்காததா என்று கேட்பார்கள். கல்லும் வேரும் உள்ள இடத்தில் ஸ்பிரிங் வைத்தது. கொத்து எதிலாவது மாட்டினால் மடங்கி மீளும், உடையாது. கூடவே உளிக்கலப்பை ஒரே கொத்து வைத்ததாக ஒன்று கிடைத்தால், பல வருடம் உழுது கெட்டித்துப்போன மஞ்சள் நிலத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பிளந்துவிடலாம். அது வாடகைக்குப் பெரிய டிராக்டரோடு வந்தால் இன்னும் நல்லது, ஆழம் கூடுதலாகப் போகும். மஞ்சள் தோண்டும் கருவியும் அப்படித்தான், பெரிய வண்டிக்கான வேலை. தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரமும் பெரும்பாலும் 35 எச்.பி.க்கு மேல் கேட்கும். "24 எச்.பி.யில் ஓடும்" என்று யாராவது விற்க வந்தால், உங்கள் தோப்பில் உங்கள் மட்டையைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த ஓலையை வைத்துக் காட்டுவார்கள். அடிமட்டையைப் போடச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரிய டிராக்டரின் கருவிகளை வாங்கி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் ஒரு வார்த்தை. கருவியை மினி டிராக்டரின் கீழ்க் கைகளில் மாட்டும் பின் (இரும்பு ஆணி) 22 மி.மீ. கனம். பெரிய வண்டிகளில் 28 மி.மீ. துளை பெரிது, அகலமும் வேறு. புஷ் போட்டு மாட்டலாம் என்றாலும் எடையை உங்கள் வண்டி தாங்க வேண்டுமே. கருவிகளை மினி டிராக்டர் வைத்திருப்பவர்களோடு மட்டும் பங்கு போட முடியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு கருவி வாங்கி மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு, ஆனால் வாங்கும் முன்பே பின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்பர் டிரெய்லர் விஷயம். தேங்காயும் எருவும் இழுக்க டிரெய்லர் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் ஒரு டன் வண்டிக்குப் பின்னால் இரண்டு டன் பாரம் இருந்தால், இறக்கத்தில் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பது தெரியாமல் போகும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டி எட்டடிக்கு ஐந்தடி போதும். பெரிய பெட்டி இருந்தால் ஆட்கள் நிரப்பிக்கொண்டுதான் போவார்கள், யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. மாட்டும் கொக்கி எப்போதும் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் டிராபாரில்தான் இருக்க வேண்டும். மேலே டாப் லிங்க் (கருவியின் மேல்முனையைப் பிடிக்கும் கை) இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும், அதற்கு ஒன்றிரண்டு நொடிதான் ஆகும். டிப்பருக்கு வண்டியில் ஹைட்ராலிக் வெளியேறும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத வண்டிக்கு டிப்பரை விற்றுவிட்டு, பிறகு வால்வுக்குத் தனிக் காசு கேட்பதும் உண்டு. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, காப்பீட்டில் அதையும் சேர்க்க வேண்டும். அதில் ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றி விபத்து நடந்தால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும். பணம் இடிக்கிறது என்றால் டிரெய்லரை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை காய் இழுக்க வாடகை வண்டி எங்கும் கிடைக்கும்.

குழி தோண்டும் கருவி வேண்டாம். தென்னை வைத்த தோப்பில் வருடத்துக்கு எத்தனை குழி தோண்டப் போகிறீர்கள்? வாடகைக்குக் கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

மேல் ஹூட் இருக்கட்டும் என்று வீட்டில் சொல்வார்கள், வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் தாழ்ந்த ஓலை உள்ள இளந்தோப்பில் அது ஒவ்வொரு திருப்பத்திலும் மாட்டும். அந்தப் பணத்தை, கிடைக்குமானால், மடக்கும் வகைப் பாதுகாப்புக் கம்பிச் சட்டத்துக்கும் சீட் பெல்ட்டுக்கும் கொடுங்கள். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் அடியில் நசுங்காமல் காப்பது அந்தச் சட்டம்தான். ஹூட்டுக்கு அந்தப் பலம் இல்லை. கொங்குப் பக்கம் கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் மினி டிராக்டரை ஓட்டுகிறோம். குறுகலான வண்டி, சீக்கிரம் சாயும். சட்டத்தைப் போட்டுவிட்டு பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் சாயும்போது வெளியே தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்தின் அடியில் சிக்கலாம், அதனால் இரண்டும் சேர்ந்துதான். சைலன்சர் மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா என்று கேட்டால் தோப்புக்குக் கீழ்நோக்கியது. பம்பரை முடிந்தவரை இலவசமாகக் கேளுங்கள். டாப் லிங்க், டிராபார், கொக்கி, டூல் பாக்ஸ் வண்டியோடே வர வேண்டியவை. அவற்றுக்குத் தனி விலை போட்டிருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துவிடச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் இன்னொன்று இருக்கிறது, விலையோ சொற்பம். பிடிஓ ஷாஃப்ட்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஷாஃப்ட், ஒரு சுற்றுக்கு 20 செ.மீ.க்கு மேல் இழுக்கும். நொடிக்கு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். நாலு முழ வேட்டியின் நீளம் அவ்வளவுதான். நுனி மாட்டியது தெரியும் முன்பே வேட்டி முழுதும் ஷாஃப்ட்டில் சுற்றி முடிந்துவிடும், ஆளையும் சேர்த்து இழுக்கும். துண்டு, சேலை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று அந்த உறையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உறை இல்லாத கருவியை வாங்காதீர்கள், உடைந்தால் மறுநாளே மாற்றுங்கள். ஷாஃப்ட்டைத் தாண்டிப் போக வேண்டாம், இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். உங்கள் வேலையாட்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

விலையும் மானியமும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது அதற்கு முந்தைய கொட்டேஷன் என்றால் புதிதாக வாங்குங்கள். டிராக்டர் டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம் இருந்தது, அதுவும் 5 ஆகிவிட்டது. மானியம் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பம், அவர்கள் ஒப்புதல், பிறகுதான் வாங்குவது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு உண்டு. முன்பணம் கட்டி வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மானியத்துக்குப் போனால் கிடைக்காது. டிராக்டருக்கு வரிசை நீளம் என்றால் அதற்காகக் காத்திருக்காமல், கருவிகளுக்காவது தனியாக விண்ணப்பியுங்கள். பட்டியலில் உள்ள மாடல்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால், கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

எந்த கம்பெனி என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி., ஸ்வராஜ், சோனாலிகா, ஜான் டியர் என்று இந்த அளவில் நல்ல வண்டிகள் பல இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் வரக்கூடிய மெக்கானிக் எந்த வண்டிக்கு இருக்கிறார், முன் ஆக்சில் சீல் கடையில் இருப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதே மாடலை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் போய், அவர் வண்டியை அவர் தோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் ஸ்லாஷரையும் அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். பிடிஓ ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் பொதுவான நீளத்தில் வரும், உங்கள் வண்டிக்கு வெட்ட வேண்டியிருக்கும். வெட்டாமல் மாட்டினால் கருவியைத் தூக்கும்போது இரண்டு குழாயும் முட்டி, அந்த இடி நேராக கியர் பாக்ஸ் பேரிங்கில் இறங்கும். அதிகமாக வெட்டிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று போதுமான அளவு நிற்காது, ஓடும்போது கழன்று வீசும். கருவியை மெதுவாக முழுக்கத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் இடத்திலும் ஒரு இஞ்சாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும், மிகவும் நீளும் இடத்திலும் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே நிற்க வேண்டும். மெக்கானிக் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். முதல் 50 மணி நேர சர்வீஸ் எந்தத் தேதியில், தோட்டத்துக்கே வந்து செய்வார்களா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புங்கள்.